எத்தனை மணிக்கு?

காலை ஏழரை மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்குவேன். சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் மெடிக்கல் ஷாப். தெருவில் பால் பாக்கெட்டும் பேப்பருமாக ஆட்கள் நடமாடும் அந்த நேரத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வேன்களிலிருந்து பிள்ளைகள் இறங்குவார்கள். அமெரிக்க நேரத்துக்கு விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, சிவந்த கண்களோடு அறைக்குத் திரும்புகிறவர்கள். தினமும் அவர்களில் இரண்டு மூன்று பேராவது என் முன்னால் நின்று கேட்பது இதுதான்: "அக்கா, மெலடோனின் ஒரு ஸ்ட்ரிப் குடுங்க."

பத்தொன்பது வருடங்களாக மருந்தாளுநராக இருக்கிறேன். முதல் பத்து வருடங்களில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று 3 மில்லிகிராம், 5, 10 என்று மாத்திரைகள் வருகின்றன. வாய்க்குள் அடிக்கும் ஸ்பிரே வருகிறது. ஜெல்லி மிட்டாய் போல மெல்லும் 'கம்மி'யும் வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் எல்லோரும் "எத்தனை எம்.ஜி. இருக்கு?" என்று கேட்கிறார்கள். "எத்தனை மணிக்குப் போடணும்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். இந்த மருந்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 3 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு 5, இப்போது 10. "முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குதுக்கா, இதைவிடப் பெருசு இருக்கா?" என்றார். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். "காலைல ஆறு மணிக்கு, சீட்டுல இருக்கும்போதே போட்டுருவேன். ரூமுக்குப் போறதுக்குள்ள தூக்கம் வந்துரும்ல." பிறகு வாசலில் ஒரு டீ. பிறகு முகத்தில் வெயில் அடிக்க, பைக்கில் அரைமணி நேரப் பயணம்.

எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போனது. தூக்கக் கலக்கம் தரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் விழித்த உடம்போடு, காலை நேர ஓ.எம்.ஆர். நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது ஒரு வீட்டுப் பிள்ளை. மெலடோனின் போட்ட பிறகு நான்கைந்து மணி நேரமாவது வண்டியைத் தொடக்கூடாது என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

மெலடோனின் தூக்க மாத்திரை அல்ல. இதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்கிறேன். மூளையின் நடுவே அரிசி அளவில் இருக்கும் பினியல் சுரப்பி, இருட்டத் தொடங்கியதும் இதைச் சுரக்க ஆரம்பிக்கிறது. நடு இரவைத் தாண்டி உச்சத்துக்குப் போய், விடியும்போது அடங்குகிறது. உடம்புக்கு அது கொண்டுவரும் செய்தி ஒன்றே ஒன்று: 'வெளியே இருட்டிவிட்டது.' எலிக்கும் இரவில்தான் மெலடோனின் சுரக்கிறது. ஆனால் எலி அப்போதுதான் இரை தேடிக் கிளம்புகிறது. ஆளைத் தூங்கவைக்கும் பொருளாக இது இருந்தால் எலி இரவில் சுருண்டு படுத்திருக்க வேண்டும். மனிதனுக்கு இருட்டு தூங்கும் நேரம் என்பதால், அந்தச் செய்தி வந்ததும் நமக்குக் கண் சொக்குகிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு நின்றுவிடும். அந்தத் தம்பி 'இருட்டிவிட்டது' என்ற செய்தியை மாத்திரையாக விழுங்கிவிட்டு, 'விடிந்துவிட்டது' என்ற செய்தியைக் கண் வழியாக அரைமணி நேரம் வாங்கிக்கொண்டிருந்தார். உடம்பு எதை நம்பும்?

மெலடோனினைக் கண்டுபிடித்தவர் தூக்கத்தைத் தேடிப் போனவரும் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவராக இருந்த ஆரோன் லெர்னர், வெண்புள்ளி போன்ற தோல் நிறக் குறைபாடுகளுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். பினியல் சுரப்பியின் சாறு பட்டால் தவளையின் தோல் வெளுக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மாடுகளின் பினியல் சுரப்பிகளை ஏராளமாகச் சேகரித்து, அவற்றிலிருந்து 1958இல் அவர் பிரித்தெடுத்த பொருள்தான் மெலடோனின். வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. உடம்பின் கடிகாரத்தைத் திருத்த உதவும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடிகாரம் பிசகியவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல மருந்து. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் நள்ளிரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். ஐந்துக்கும் மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடந்து பறப்பவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் சில நாட்கள் மட்டும் போட்டால் மெலடோனின் நன்றாகவே பயன்படுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு முன்பு தூக்கமே வராத இளைஞர்களுக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் அளவு பார்த்து எழுதித் தருகிறார்கள். எனக்கு மனசுக்கு நெருக்கமான பயன் இன்னொன்று உண்டு. வெளிச்சமே தெரியாத பார்வையற்றவர்களின் உடல் கடிகாரத்தை நேராக்கிவைக்கச் சூரியன் இல்லை. பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தூக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், சில வாரங்களில் இரவு பகலாகிவிடும். 2000இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஏழு பேருக்குத் தினமும் படுக்கைக்கு முன் மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேரின் கடிகாரம் 24 மணி நேரச் சுழற்சிக்கு வந்து நின்றது. சூரியன் செய்ய வேண்டிய வேலையை ஒரு மாத்திரை செய்தது.

ஆனால் கவலையால், கடனால், கைப்பேசியால் தூக்கம் கெட்டவர்களுக்கு? 19 ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, மெலடோனின் போட்டவர்கள் சராசரியாக ஏழு நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். மொத்தத் தூக்கம் எட்டு நிமிடம் கூடியது. அவ்வளவுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைத் தர வேண்டாம் என்பதே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் மருத்துவர்களுக்குச் சொன்ன ஆலோசனை. மாதாமாதம் பணம் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இந்த ஏழு நிமிடக் கணக்கு தெரிய வேண்டாமா?

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற நம்பிக்கையும் தவறு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் வுர்ட்மன் குழுவினர் தூக்கம் கெட்ட முதியவர்களுக்கு வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக வேலை செய்தது 0.3 மில்லிகிராம். 3 மில்லிகிராம் போட்டவர்களுக்கு உடல் வெப்பம் குறைந்தது. விடிந்த பிறகும் ரத்தத்தில் மெலடோனின் தங்கியிருந்தது. என் அலமாரியில் இருக்கும் மிகச் சிறிய மாத்திரையே அந்த 0.3ஐப் போலப் பத்து மடங்கு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காலையில் தலை பாரமாக இருப்பது, விசித்திரமான கனவுகள் என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் பெரும்பாலும் 10 மில்லிகிராம்காரர்கள்.

அட்டையில் 3 என்று போட்டிருப்பது உள்ளேயும் 3 தானா? கனடாவில் கடைகளில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளை 2017இல் சோதித்தார்கள். அச்சிட்ட அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு. 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டு தயாரிப்புகளில், சொல்லாமலே செரடோனின் என்ற வேறொரு பொருள் கலந்திருந்தது. அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டத்தின்படி இது உணவுத் துணைப்பொருள். மருந்துக்கு உள்ள சோதனைகள் இதற்கு இல்லை. பிரிட்டனில் மருத்துவர் சீட்டு வேண்டும். நம் ஊருக்கு உறவினர்களின் சூட்கேஸில் வந்து இறங்கும் பெரிய பெரிய பாட்டில்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டில்கள்.

அப்படி ஒரு பாட்டிலோடு வந்தார் எங்கள் தெருப் பாட்டி. வயது எழுபத்திரண்டு. மகன் கொடுத்தனுப்பியது, 10 மில்லிகிராம். "ராத்திரி சாப்டதும் ஒண்ணு போட்டுக்கச் சொன்னான். நீ ஒரு வார்த்த சொல்லிட்டா போட்டுக்குறேன்மா" என்றார். வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் மஞ்சள் பையைக் கவுன்ட்டரில் கவிழ்த்தார். சர்க்கரைக்கு இரண்டு. ரத்தக் கொதிப்புக்கு நிஃபெடிபின். இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். மூன்றும் கவலைக்குரியவை. வார்ஃபரினோடு மெலடோனின் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். நிஃபெடிபின் சாப்பிட்டவர்களுக்கு மெலடோனின் கொடுத்தபோது ரத்த அழுத்தம் ஏறியதாக ஆய்வே இருக்கிறது. சாப்பாட்டை ஒட்டி மெலடோனின் போட்டால் சர்க்கரை சரியாக இறங்குவதில்லை. ஆரோக்கியமான இளம் பெண்களிடமே 5 மில்லிகிராமில் அது தெரிந்தது. இரவு ஒன்பதரைக்குத் தோசை சாப்பிட்டு, பத்து மணிக்கு மாத்திரை போடும் சர்க்கரைக்காரர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பாட்டிலை மூடி, இதய மருத்துவரிடம் காட்டாமல் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதேபோல, மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸமின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் மெலடோனின் பல மடங்கு ஏறிவிடும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கம்மிகள் கரடி வடிவில், ஸ்ட்ராபெரி வாசனையோடு வருகின்றன. தெரிந்த குடும்பத்தில், ஐந்து வயதுப் பெண் குழந்தை அம்மாவின் தலைமாட்டில் இருந்த பாட்டிலைத் திறந்து ஏழெட்டு தின்றுவிட்டது. சாயங்காலம் நான்கு மணிக்குத் தரையில் படுத்த குழந்தை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தூக்கினால் கை துவண்டு விழுந்தது. மருத்துவமனையில் ஓர் இரவு முழுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், நல்லபடியாகத் திரும்பியது. அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனின் விழுங்கியதாக விஷ முறிவு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2012இல் 8,337. 2021இல் 52,563. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்தை மிட்டாய் உருவில் செய்யவே அனுமதிக்கக் கூடாது. அதுவரை, குழந்தை திறக்க முடியாத மூடி இல்லாத கம்மி பாட்டில் கடைக்கு வரக்கூடாது.

இரவு வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இலேயே சேர்த்துவிட்டது. ஆய்வுகளில், இரவு வேலை முடித்து மெலடோனின் போட்டவர்களுக்குப் பகல் தூக்கம் சராசரியாக 24 நிமிடம் கூடியது. அந்த ஆய்வுகளும் அவ்வளவு உறுதியானவை அல்ல. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றிப் போட்டுப் பிள்ளைகளின் கடிகாரத்தைக் கலைத்துவிட்டு, சரிசெய்யும் பொறுப்பை என் கவுன்ட்டருக்கு அனுப்புவது நியாயமில்லை. ஷிப்டை அடிக்கடி மாற்றாதீர்கள். வீடு திரும்ப எல்லோருக்கும் வண்டி கொடுங்கள்.

அந்தத் திருநெல்வேலித் தம்பிக்கு அன்று 10 மில்லிகிராம் கொடுக்கவில்லை. அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு டீ வேண்டாம், பைக்கை விட்டுவிட்டு நிறுவன வேனில் வாருங்கள், வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை மாட்டுங்கள், மாத்திரை போடுவதானால் படுக்கையில் உட்கார்ந்த பிறகு 3 மில்லிகிராமில் பாதி போதும், அதுவும் ஒரு மருத்துவரைப் பார்க்கும் வரைதான் என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பல்வலிக்கு மாத்திரை வாங்க வந்தார். மூன்றரை மணி நேரத்தில் முறிந்துபோன தூக்கம் இப்போது ஐந்தரை மணி நேரம் போகிறதாம். திரை மாட்டியதுதான் பெரிய உதவி என்றார்.

மெலடோனின் கேட்டுக் கடைக்கு வரும்போது, நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று எங்களிடம் சொல்லுங்கள். அவசரத்தில் நாங்கள் கேட்க மறந்தாலும், சொல்லிவிட்டே வாங்குங்கள்.