பழைய நெளிவும் புதிய மறுப்பும்

காப்புறுதிக் கட்டணத்தை ஆண்டுதோறும் தவறாது செலுத்திவரும் கமக்காரரும் உத்தியோகத்தரும், விபத்து நேர்ந்த பின் கேட்கும் மறுமொழி ஒன்றுண்டு: "இச்சேதம் பழையது, பணம் தர இயலாது." பழைய சேதத்துக்குப் பணம் இல்லை என்பது நியாயமே. ஆனால், பழைய சேதம் ஒன்று இருப்பதைக் காட்டிப் புதிய சேதத்தையும் மறுப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த வழக்கு எங்கே பிறக்கிறது? விபத்து நடந்த இடத்துக்கே கம்பனியின் பிரதிநிதி வருகிறார், ஒரு தொகையைச் சொல்கிறார், கையொப்பம் பெறுகிறார். லொறிக்காரருக்கு நெல் ஏற்ற வேண்டிய அவசரம். வைத்தியருக்கு நோயாளர் காத்திருக்கும் அவசரம். பணத்தைப் பெறுகிறார்கள்; வண்டியைத் திருத்துவதைப் பின்போடுகிறார்கள். அக்கையொப்பத்தின் பொருளை அவர்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பவர் எத்தனை பேர்? திருத்தப்படாத அந்தப் பாகத்துக்கு மறுபடி பணம் கிடையாது என்பதே அதன் பொருள்.

காப்புறுதி என்பது இழந்ததை ஈடுசெய்வது, இலாபம் தருவதன்று. 1883ஆம் ஆண்டில், காஸ்ரெலெயின் எதிர் பிறெஸ்ரன் வழக்கிலே, இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஐயமற நிலைநாட்டியது. ஆகவே, ஒரே பம்பருக்கு இருமுறை பணம் கேட்பது முறையன்று. நிற்க, அதே நியாயம் கம்பனியையும் கட்டுப்படுத்துமன்றோ? எடுத்துக்காட்டாக, திருத்தாத பம்பரின் பெறுமதி 60,000 ரூபா என்றும், புதிய விபத்தில் அதே பம்பரோடு கதவும் விளக்கும் சிதைந்து மொத்தச் செலவு 2,10,000 ரூபா ஆயிற்று என்றும் கொள்வோம். கழிக்கத்தக்கது 60,000 ரூபா மட்டுமே. எஞ்சிய 1,50,000 ரூபாவைப் பத்திரத்தின் நிபந்தனைகளின்படி கணக்கிட்டுத் தருவதே நேர்மை. பம்பரைக் காட்டிக் கதவை மறுப்பது கணக்கன்று, கைவரிசை!

வண்டி முற்றாக அழிந்தாலும் பழைய சேதம் பின்தொடரும். விபத்துக்கு முந்திய பெறுமதியே கணக்கின் அடிப்படை. நெளிந்த வண்டியின் பெறுமதி நெளியாத வண்டியின் பெறுமதி ஆகாது.

"ஏன் திருத்தவில்லை?" என்று கேட்பவர் நாட்டின் நிலையை மறந்து கேட்கலாகாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இலேயே வழி திறந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதியாகும் உதிரிப்பாகத்தின் விலையும் அதனோடு ஏறியது. விபத்தன்று கொடுத்த தொகை, கராச்சுக்குப் போகும் நாளில் பாதி வேலைக்கும் போதாமற் போயிற்று. இது சோம்பலா, வறுமையா?

எனினும், நம்மவரிடமும் ஒரு வார்த்தை. நெளிந்த கதவு காத்திருக்கலாம். உடைந்த விளக்கும் பழுதுற்ற தடுப்பும் காத்திரா. வண்டியை ஓடத்தக்க நிலையில் வைத்திருத்தல் பத்திரங்களில் வழக்கமாயுள்ள நிபந்தனை. தடுப்புப் பழுதே விபத்துக்குக் காரணமானால், கோரிக்கை முழுவதும் ஆபத்துக்குள்ளாகும். கம்பனி மாறும்போது பழைய சேதத்தை மறைப்பதும் பெரும் தவறு. காப்புறுதி உச்ச நம்பிக்கையின் மேல் நிற்பது என்று மான்ஸ்பீல்ட் பிரபு 1766ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தார்.

அந்த நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. ஆகவே நாம் கேட்பன மூன்று. பணம் கொடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் தொகையையும் எழுத்தில் தருக. அதனைத் தமிழருக்குத் தமிழில் தருக. பின்னர் கழிப்பதாயின், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று காரணம் காட்டுக.

வண்டிக்காரர் செய்ய வேண்டியனவும் மூன்று. சேதத்தைத் திகதியோடு படம் பிடித்து வையுங்கள். திருத்தினால் பற்றுச்சீட்டைப் பேணிக் கம்பனிக்கு அறிவியுங்கள். வாய்மொழி மறுப்பை ஏலாது எழுத்து மறுப்பைக் கேளுங்கள். எழுத்து இருந்தால், காப்புறுதி ஒம்பூட்ஸ்மனிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். எழுத்து இல்லையேல், நம் சொல்லுக்கு அவர்கள் சொல்லே மறுமொழி.

நாம் யாரிடமும் தருமம் கேட்கவில்லை. கட்டிய பணத்துக்குரிய கணக்கைக் கேட்கிறோம். கணக்குக் காட்ட அஞ்சுபவர் கட்டணம் வாங்கவும் அஞ்ச வேண்டும்!