ஜாம் போத்தலுக்குள் ஒரு உயிர்

புலிமுகச் சிலந்தி வீட்டுக்குள் வந்தால் சிலர் விளக்குமாற்றால் அடிக்கிறார்கள். இப்போது சில பிள்ளைகள் போத்தலில் அடைத்து 'வளர்க்கிறோம்' என்று படம் போடுகிறார்கள். இரண்டையும் நாங்கள் எதிர்க்கிறோம்.

எது வளர்ப்பு? அது மரப்பொந்தில் வாழும் சிலந்தி. உயரமான பெட்டி, ஒளிந்துகொள்ள மரப்பட்டை, காற்று, தண்ணீர், உயிருள்ள இரை எல்லாம் வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கடித்தால் கடும் வலி, தசைப்பிடிப்பு. வெளிநாடுகளில் பழகியவர்களே முதன்முதலில் வளர்க்க இதை எடுக்காதே என்கிறார்கள். கூட்டில் பிறந்த, நிதானமான வேறு இனங்களைத்தான் காட்டுகிறார்கள்.

மாங்குளத்தில் கண்டெடுத்த இனம் 2012இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. காடழிப்பும் பிடித்து விற்பதும் இவற்றை அழிப்பதால், 2019இல் இலங்கையும் சேர்ந்து கேட்டு இந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் 2ஆம் பட்டியலில் சேர்த்தார்கள்.

பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை ஜும்ஆவில் கேட்கிறோம். சிலந்தியின் பெயரில் ஒரு சூறாவே ஓதுகிறோம். அதற்குப் பிறகுமா ஜாம் போத்தல்?

கோப்பையால் மூடி, அடியில் மட்டையைத் தள்ளி, பழைய மரமொன்றில் விடுங்கள். படுவான்கரையில் அந்தப் பழைய மரங்களைத் தறிக்காமல் விடுங்கள். அதுதான் வளர்ப்பு.