வடிவமைப்புக் கல்வியும் மானிப்பாய் காட்டும் வழியும்

அன்றாடப் பண்டங்களை வடிவமைக்கும் கலை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாய் வந்த விருந்தாளி. மொறட்டுவையில் அதற்கெனத் தனிப் பட்டமே உண்டு; உளச்சார்புப் பரீட்சை நடத்தி மாணவரைச் சேர்க்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. ஆக்கற் கல்வி வன்னி மண்ணிலும் கால்கொண்டுவிட்டது. மகிழ வேண்டிய செய்திதான். எனினும், இத்துறையை முன்பின் அறியாத முதலாண்டு மாணவனுக்கு எதை முதலிற் கற்பிப்பது என்ற வினாவை நம்மவர் போதிய அளவு ஆராயவில்லை என்றே எண்ணுகிறேன்.

அவன் எங்கிருந்து வருகிறான் என்பதை நோக்குக. உயர்தரப் பரீட்சை என்னும் ஒடுங்கிய வாயிலினூடாக, பல்லாண்டு வினாத்தாள்களை மனனஞ் செய்து வருகிறான். ஒரு வினாவுக்கு ஒரு விடை. அதற்கு இத்தனை புள்ளி. அவனிடம் "முதியவர் ஒருவர் அமர்வதற்கு ஓர் இருக்கை செய்" என்றால், "எத்தகைய இருக்கை சரியான விடை, சேர்?" என்று கேட்கிறான். அவனை நகைப்பதற்கில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் நாம் பழக்கியதைத்தானே அவன் செய்கிறான்? அந்த முதியவருக்கு முழங்கால் மடங்குமா, இருக்கை முற்றத்திற்கா திண்ணைக்கா என்று அவனே போய்க் கேட்டு வரவேண்டும் என்பதை அவனுக்கு எவரும் சொன்னதில்லை.

போதாக்குறைக்கு, துறையின் பெயரே அவனை வழி தவறச் செய்கிறது. 'வடிவமைப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் வடிவமே அவன் கண்முன் நிற்கிறது. உடனே கணினியைத் திறந்து, வளைவும் மினுக்கமும் கூடிய முப்பரிமாணப் படம் ஒன்றை வரைந்துவிடுகிறான். பயன், பாரம், விலை, பழுதுபார்த்தல் யாவும் பின்னால் ஒட்டவைக்கும் அலங்காரங்களாகி விடுகின்றன.

சொல்லுக்கும் கல்விக்கும் உள்ள இந்த உறவை மானிப்பாய் ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கண்டது. அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர் பலர் ஊரில் தங்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போயினர். விடுமுறையில் தாயகஞ் சென்று 1862இல் மீண்ட பின், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நூல்கள் இல்லை, அவற்றையும் ஆக்கினார். கலைச்சொற்களைத் தேர்வதில் அவர் காட்டிய நிதானமே நமக்குப் பாடம். அறுவை மருத்துவ நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று, கேட்டதும் விளங்கும் பெயரிட்டார். இரசாயன நூலை அச்சிட்டபோதோ ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைத்துக் 'கெமிஸ்தம்' என்றார். இருப்பது பொருந்துமாயின் அதை எடுத்தல், பொருந்தாவிடின் புதியதைத் துணிந்து கொள்ளல். இதுவும் ஒருவகை வடிவமைப்பே அன்றோ? அவர் சென்றபின் அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

இந்தியா இத்துறையைத் தொடங்கிய வகையும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டு அரசின் அழைப்பில் வந்த அமெரிக்கத் தம்பதியர் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் ஓர் அறிக்கை தந்தனர். அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து போற்றியது ஆலைப் பண்டம் எதையுமன்று; வீட்டுச் செம்பை. அது எவ்வளவு நீர் கொள்ளும், தலையிலும் இடுப்பிலும் எப்படித் தங்கும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் சமநிலை எவ்வாறு, கைக்கு எப்படி இதம் தரும், விலை என்ன என்று வினாக்களை அடுக்கினர்.

மானிப்பாய் அடுக்களையில் அத்தகைய பாடப்பொருள் நமக்கும் உண்டு. நீற்றுப்பெட்டியைக் கையில் எடுங்கள். பனையோலையாற் கூம்பாக இழைத்தது. கூம்பு நுனி பானையின் ஒடுங்கிய வாய்க்குள் இறங்கித் தானே இறுகி நிற்கிறது. பானையின் வாய் சற்றுப் பெரிதாயினும் சிறிதாயினும் பொருந்தும். இழையின் இடைவெளியால் ஆவி புகுகிறது, மா சிந்துவதில்லை. ஓலை ஈரத்தை உறிஞ்சுவதால் பிட்டு சொதசொதப்பதில்லை. வெந்தபின் வெறுங்கையாற் பற்றிக் கவிழ்க்கலாம். உலோகமாயின் கை வெந்துவிடும். கிழிந்தால் அடுப்புக்கு எரிபொருள். முதலாண்டு மாணவன் கணினியைத் தொடுமுன், இவ்வொரு பெட்டியை ஒரு கிழமை ஆராய்ந்து, இழைக்கும் பெண்ணிடமும் பிட்டு அவிக்கும் பெண்ணிடமும் பேசி, அளந்து, பிரித்து, தானே ஒன்றை இழைத்துப் பார்க்கட்டும். அவன் இழைப்பது கோணலாய்த்தான் வரும். வரட்டும். பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெட்டி மறைந்து வேறொன்று வருமாயின் வரட்டும், ஆனால் பெட்டி செய்த வேலைகள் அத்தனையையும் அறிந்தவனே அதைச் செய்ய வேண்டும்.

அறியாது செய்தால் என்ன நேரும்? மேனாட்டுச் செயற்கைக் கால் ஒன்று சப்பாத்து அணிவோருக்கென ஆக்கப்பட்டது, கணுக்கால் மடங்காது. நம் மக்களோ வெறுங்காலால் வயலில் இறங்குபவர், சம்மணமிட்டு உண்பவர், குந்தியிருப்பவர். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து, ரப்பரால் வளைந்து கொடுக்கும் காலை ஆக்கினர். சர்மா பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர்; நோயாளி எப்படி வாழ்கிறான் என்பதைக் கண்ணாற் கண்டவர். போர் தந்த ஊனத்துக்கு ஆளான நம்மவர் பலர் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் பெற்று நடந்தனர். இதைவிட நெருங்கிய பாடம் நம் மாணவனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

பொறியியற் கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது. அதைத் தமிழுக்கு மாற்றுக என்று இங்கு வாதாட வரவில்லை; உலகச் சந்தையோடு பேச ஆங்கிலம் வேண்டும். ஆனால் கள ஆய்வுக் குறிப்பேடு பயனாளியின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்பேன். "கை உளையுது", "வழுக்குது", "அங்கால பிடிக்கேலாது" என்று அம்மா ஒருவர் சொல்வதை உடனே ஆங்கிலத்தில் 'அசௌகரியம்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லாக மாற்றி எழுதும்போது, எந்த விரல், எந்த வேளை, எந்தப் பாரம் என்பதெல்லாம் உதிர்ந்து விடுகின்றன. வடிவமைப்பவனுக்கு வேண்டியதே அந்த உதிர்ந்த பகுதிதான்.

புள்ளியிடும் முறையும் மாறாமல் இவை நடவா. அழகிய இறுதிப் படத்துக்கே புள்ளி என்றால் மாணவன் படத்தையே தருவான். தோற்றுப்போன முதல் மாதிரியையும், அது ஏன் தோற்றது என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிப் புள்ளியிட வேண்டும். பரீட்சகர் வரிசையில், அப்பண்டத்தை நாளும் கையாளப் போகும் ஒருவருக்கும் ஓர் ஆசனம் இட வேண்டும். அவர் நூற்றுக்கு எத்தனை புள்ளி இடலாம் என்பதைப் பல்கலைக்கழக மூதவை தீர்மானிக்கட்டும். நான் நாற்பதுக்குக் குறையாமல் கேட்பேன்.