பல்லை எண்ணினீர்களா?

"முன் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் மாட்டினா உங்க ஜீப் மலையேறிடும்ணே" என்று மாமாவை நம்ப வைத்தார்கள். பழைய சாமான்கள் வந்து ஏறின. கிரவுன் வீல் பற்களை மட்டும் யாரும் எண்ணவில்லை! பின்னால் 43-க்கு 8, அதாவது 5.38, முன்னால் 39-க்கு 8, 4.88. இரண்டும் ஒன்றாக இருக்கணும் என்று படித்திருந்த நானும், பெரியவங்க வேலைதானே என்று வாய் திறக்கவில்லை.

காய்ந்த மேட்டில் நாலு சக்கரமும் போட்டு ஏறியபோது ஆக்ஸில்கள் மல்லுக்கட்டி, யுனிவர்சல் ஜாயின்ட் 'டமார்'! உள்ளே அத்தையும் குழந்தைகளும். நல்லவேளை, பிரேக் பிடித்தது.

தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

நண்பர்களே, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதாது. 'வேணாம்ணே' என்று சொல்லவும் தெரியணும். அதுவும் டிப்ளமோதான்!