உடலும் ஓட்டமும்: கிலோமீற்றருக்கு எத்தனை குரோணர்?



இந்த முறை கேள்வி வாலிபர் கூடுகையிலிருந்தே வந்தது. மிஷன் ஊழியத்துக்குப் பணம் சேர்க்க ஒரு சைக்கிள் ஓட்டம் வைப்பதாக முடிவெடுத்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லோரும் ஓடிப் பழகிய ஸ்பொன்சர்லூப் போலத்தான். மாமாமாரும் அன்ரிமாரும் கிலோமீற்றருக்கு இத்தனை குரோணர் என்று பெயர் எழுதுவார்கள், நீங்கள் ஓடுவீர்கள். ஆனால் இக்காஸ்டில் மார்கழி மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டு. தை, மாசியில் ரோட்டில் வழுக்கும் பனி. ஆகவே வீட்டில் இருக்கும் ஸ்பின் சைக்கிளைச் செயலியோடு இணைத்து ஓட்டலாமா, அதில் வரும் கிலோமீற்றரை ஸ்பொன்சர் தாளில் எழுதலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

தாராளமாக ஓட்டலாம். கிலோமீற்றரை எழுதுவதுதான் சிக்கல். ஏன் என்று சொல்வதற்கு அந்த மலிவு சைக்கிளின் வயிற்றுக்குள் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்பின் சைக்கிளில் முன்னால் ஒரு கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. பெடலை மிதித்தால் பெல்ற் அதைச் சுற்றும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குமிழ். அதைத் திருகினால் ஒரு கம்பளித் துண்டு சக்கரத்தை அழுத்தும், அல்லது காந்தம் சக்கரத்துக்கு அருகே வரும். மிதிப்பது கடினமாகும். இவ்வளவுதான் இயந்திரம். விலை குறைந்த வகையில், குமிழ் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது அதன் சின்னத் திரைக்குத் தெரியவே தெரியாது. அது சுற்றை எண்ணுகிறது, அவ்வளவே. சுற்றை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி ‘வேகம்’ என்றும் ‘கலோரி’ என்றும் காட்டுகிறது.

உண்மையான உழைப்பு இரண்டு விஷயங்களின் பெருக்கம்: எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறீர்கள், எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள். அதைத்தான் வாற் என்று அளக்கிறார்கள். மலிவுச் சைக்கிளில் இரண்டாவது பாதி காணாமல் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்விஃப்ட் போன்ற செயலிக்குப் பலத்தை அளக்கும் கருவி வேண்டும், அல்லது குறைந்தபட்சம் சக்கரத்தின் சுற்றைச் சொல்லும் வேக சென்சர் வேண்டும். பலர் செய்வது இரண்டாவதை: சில நூறு குரோணருக்கு ஒரு சென்சர் வாங்கி இரும்புச் சக்கரத்தில் கட்டிவிடுவது. ஒருமுறை மிதித்தால் சக்கரம் மூன்றரைச் சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 80 மிதி என்றால் 280 சுற்று. செயலியோ அது ரோட்டுச் சைக்கிளின் ரயர் என்று நினைக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீற்றர். நிமிடத்துக்கு 588 மீற்றர். அதாவது மணிக்கு 35 கிலோமீற்றர்! இங்கிருந்து ஹேர்னிங் சுமார் 12 கிலோமீற்றர். அந்த வேகத்தில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். மேற்குக் காற்று முகத்தில் அடிக்க அந்த ரோட்டில் உண்மையில் சைக்கிள் மிதித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். இன்னும் வேடிக்கை, குமிழை முழுவதும் தளர்த்திவிட்டு மிதித்தாலும் அதே 35, வியர்வை சொட்டச் சொட்ட இறுக்கி மிதித்தாலும் அதே 35.

இதற்கு வழியே இல்லையா என்றால், உண்டு. பலத்தை அளக்கும் பெடல் விற்கிறார்கள். ஆனால் பெடலின் விலை சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். அது எனக்குச் சரியாகப் படவில்லை, பத்து ரூபாய் மாட்டுக்கு நூறு ரூபாய்க் கயிறு வாங்குவது மாதிரி. இனிமேல் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: இதன் புளூரூத் ‘எஃப்டிஎம்எஸ்’ என்ற பொது மொழியைப் பேசுமா? பேசினால் பெரும்பாலான செயலிகள் அதைக் கண்டுபிடித்துவிடும். பெட்டியில் புளூரூத் படம் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல மலிவுச் சைக்கிள்கள் தங்கள் சொந்தச் செயலியோடு மட்டும்தான் பேசும். செயலிக்கு மாதக் காசு கட்ட வசதியில்லாதவர்களுக்கு மைவூஷ் இலவசம், ஆனால் அதற்கும் வாற் வேண்டும். மிதியின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் கினோமாப் பார்க்கலாம். உண்மையான வீதிகளின் வீடியோ ஓடும், நீங்கள் மிதிக்க மிதிக்கக் காட்சி நகரும். டென்மார்க்கின் கருஞ்சாம்பல் வானத்தைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது நல்ல மருந்து.

ஆனாலும் இவை எதுவும் ஸ்பொன்சர் தாளின் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள், கள்ளத்தராசைப் பற்றியது. சந்தையில் அரிசி நிறுக்கும் தராசைக் கர்த்தர் கவனிக்கிறார் என்றால், அவருடைய ஊழியத்துக்காகக் காசு சேர்க்கும் கிலோமீற்றரைக் கவனிக்கமாட்டாரா? தருகிறவர்கள் யார் என்றும் யோசியுங்கள். அதிகாலைச் சுத்திகரிப்பு வேலைக்குப் போகிற அன்ரி. தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் செய்கிற மாமா. அவர்களுடைய ஒவ்வொரு குரோணருக்கும் பின்னால் உண்மையான உழைப்பு இருக்கிறது.

சைக்கிள் விளையாட்டில் எண்ணைக் கூட்டிக் காட்டும் ஆசை புதிதல்ல. நம் பக்கத்து ஊரையே பாருங்கள். 1964இல் ஹேர்னிங்கில் பிறந்த பியானே ரீஸ் 1996இல் டூர் டி பிரான்ஸ் வென்றார். அதை வென்ற முதல் டேனிஷ்காரர் அவர். நாடே கொண்டாடியது. 2007 மே மாதம் அவரே பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஈபிஓ என்ற ஊக்கமருந்து எடுத்தே ஓடினேன் என்று சொன்னார். காலக்கெடு கடந்துவிட்டதால் பட்டம் பறிக்கப்படவில்லை. வெற்றிச் சட்டை வீட்டில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அன்று அவர் பேசியதை இங்கே பெரியவர்கள் இன்னும் நினைவுகூருகிறார்கள். 2012இல் இத்தாலியின் ஜீரோ ஓட்டம் ஹேர்னிங்கிலிருந்து புறப்பட்டபோது ஊர் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலும் அந்த அட்டைப்பெட்டிக் கதை காதில் விழாமல் இல்லை.

அறைக்குள் ஓடும் சைக்கிளிலோ மருந்துகூட வேண்டியதில்லை. 2019இல் பிரித்தானியாவின் முதல் இணையவழிச் சைக்கிள் சாம்பியன் போட்டியில் கமரன் ஜெஃபர்ஸ் என்பவர் வென்றார். போட்டியில் அவர் மிதித்தது உண்மைதான். ஆனால் ஓட்டிய கற்பனைச் சைக்கிள், ஸ்விஃப்டில் பல்லாயிரம் மீற்றர் உயரம் ஏறி முடித்தவர்களுக்குத்தான் கிடைக்கும். அவர் அந்த ஏற்றத்தை மிதிக்கவில்லை, கணினி நிரல் ஒன்று அவருக்காக ‘மிதித்தது’. பட்டம் போனது, 250 பவுண் அபராதம், ஆறு மாதத் தடை. இன்னும் எளிய கள்ளமும் உண்டு: செயலியில் உங்கள் எடையைப் பத்துக் கிலோ குறைத்து எழுதுங்கள், மலையில் பறப்பீர்கள். அதனால்தான் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் 2020 டிசம்பரில் முதலாவது இணையவழி உலகப் போட்டியை நடத்தியபோது எல்லோருக்கும் ஒரே வகை இயந்திரம் கொடுத்தது, எடையையும் சரிபார்த்தது. 2023இல் ஆண்கள் பிரிவில் அந்த உலகப் பட்டத்தை வென்றவர் ஒரு டேனிஷ்காரர், பியோன் ஆண்ட்ரியாஸன்.  அறைக்குள் ஓடுவது விளையாட்டே இல்லை என்று அப்பாமார் சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஓட்டத்தில் அளவு சரியாக இருப்பதற்கு அவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது. ஓட்டவீரன் விதிப்படி ஓடாவிட்டால் கிரீடம் இல்லை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் (2 தீமோத்தேயு 2:5) ஒரு வாலிபனுக்கு எழுதியதுதான்.

சரி, நமக்கு ஒரே வகை இயந்திரம் யார் தருவார்? எவரும் தரமாட்டார்கள். ஆகவே என் யோசனை, கிலோமீற்றரை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள். மணிக்கூடு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் ஓடும். கிலோமீற்றருக்கு 5 குரோணர் தர நினைத்த மாமா, 10 நிமிடத்துக்கு 20 குரோணர் என்று எழுதட்டும். ஒரு மணி நேரத்துக்கு 120 குரோணர். வெளியே மணிக்கு 24 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குக் கிடைக்கும் அதே தொகை. பெரிய சைக்கிள் வைத்திருப்பவனும் பழைய சைக்கிளில் மிதிக்கிற தங்கச்சியும் சமமாகிவிடுவார்கள்.

குமிழைத் தளர்த்திவிட்டு ரெலிவிசன் பார்த்தால் நிமிடம் ஓடாதா என்று கேட்பீர்கள். ஓடும். அதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது: பக்கத்தில் நிற்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் ஒரு கீர்த்தனையை முழுவதும் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் குமிழை இன்னும் கொஞ்சம் திருகுங்கள். பேசவே முடியாவிட்டால் தளர்த்துங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து நேரம் குறிக்கட்டும், அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே, உடல் பருமன் அதிகமில்லாமலே வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம். நம் வீடுகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு எத்தனை? பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்களைப் போன்ற பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். ஸ்பின் சைக்கிள் பல வீடுகளில் சேலை காயப்போடும் கொடியாக மாறி நிற்கிறது. சேலையை எடுத்துவிட்டு அம்மாவையும் பத்து நிமிடம் ஏற்றுங்கள். மருந்து எடுப்பவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெரும்பாலான ஸ்பின் சைக்கிளில் நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும், கனச் சக்கரம் அதை இழுத்துக்கொண்டு போகும். வேகமாகச் சுற்றும்போது காலை எடுக்காதீர்கள். நிறுத்தக் குமிழைக் கீழே அழுத்த வேண்டும். சின்னத் தம்பி தங்கைமார் தவழும் வீட்டில் யாரும் ஏறாத நேரம் குமிழை நன்றாக இறுக்கி வைத்துவிடுங்கள், சக்கரத்துக்கும் பெல்ற்றுக்கும் இடையில் போகும் விரல் திரும்பி முழுதாக வராது. சீற்றின் உயரத்துக்கு, குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக வேண்டும். சீற் தாழ்வாக இருப்பதும் முழங்கால் நோவுக்கு ஒரு காரணம். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கீழே தடித்த பாய் விரியுங்கள். கீழ்வீட்டு டேனிஷ் பாட்டிக்கு இரவு பத்து மணிக்கு நம் மிஷன் ஆர்வம் தெரியவேண்டியதில்லை.

வீட்டில் சைக்கிள் இல்லாத பிள்ளைகள் கூச்சப்பட வேண்டாம். இரண்டு சைக்கிளை ஆலய மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்தால், சனிக்கிழமை முழுவதும் ஆளுக்கு இருபது நிமிடமாக மாறி மாறி ஓட்டலாம். சைக்கிள் தூக்கிக்கொண்டுவர வான் உள்ளவர்கள் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாலிபர் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். நிமிடக் கணக்கில் அச்சடித்த புதிய ஸ்பொன்சர் தாளும் அங்கேயே கிடைக்கும். ஒரு காற்றாடியும் இரண்டு துவாயும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அறைக்குள் காற்று அடிக்காது, பதினைந்தாவது நிமிடத்தில் அதன் அருமை தெரியும்.