நொத்தாரிசு வாசித்த வீடு



மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் காலையிலேயே என் நண்பரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “மாமா, நாங்கள் ஒரு வீடு பாத்திட்டம். வேண்டுற யோசனை. அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. முதல்ல நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோவன்” என்றாள். அவள் இதே வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவள். வங்கிக்காரரோடு டொச்சில் பேரம் பேசி, வட்டியில் ஒரு துளி குறைத்துக்கொண்டு வந்தவள். பெற்ற தகப்பனிடம் சொல்வதற்குத்தான் நாக்கு எழவில்லை.

வீடு என்றால் வளவும் கிணறும் உள்ள வீடல்ல. எல்பர்ஃபெல்டின் ஓல்பெர்க் மேட்டில், நூறு வயது தாண்டிய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் மூன்று அறைகள். இந்த ஊரைப் பார்க்காதவர்களுக்கு: வுப்பர்டால் ஜேர்மனியில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் ஊர். 1929இல் எல்பர்ஃபெல்ட், பார்மன் முதலிய அடுத்தடுத்த ஊர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். மறுவருடம் இந்தப் பெயர் வைத்தார்கள். ஆற்றுக்கு மேலே 1901 முதல் தொங்கு ரயில் ஓடுகிறது. ரயிலை விட்டிறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான், படிக்கட்டுத்தான். ஓல்பெர்க் என்றால் எண்ணெய் மலை. பள்ளத்தில் மின்விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் மேட்டுத் தொழிலாளர் வீடுகளில் எண்ணெய் விளக்கே எரிந்ததால் வந்த பெயர் என்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்தது என்ன? வாசல் எந்தத் திசை, சமையலறைக்கு வெளிச்சம் வருகிறதா, குழாயைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது. ஊரில் பெரியவர்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். அவள் என்னைச் சிரித்தபடி பார்த்துவிட்டு, ஒரு கோப்பைத் திறந்து பின்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். சரிவில் கட்டிய வீடு அது. தெருப்பக்கம் நின்றால் மூன்றாம் மாடி. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஐந்தாம் மாடி போல இருந்தது. கீழே, மேட்டு மண்ணைத் தாங்கிக்கொண்டு ஒரு பழைய கல்மதில் நின்றது. கோப்பில் இருந்தவை கட்டட உரிமையாளர் கூட்டத்தின் கடந்த மூன்று வருடக் குறிப்புகள். முதல் வருடம், மதிலில் வெடிப்பு என்று ஒரு வரி. இரண்டாம் வருடம், விலை கேட்பதென்று முடிவு. மூன்றாம் வருடம், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

“இதைத் திருத்தேக்கை எங்கடை பங்கையும் கேப்பினம் மாமா” என்றாள்.

மாடி வீடு வாங்கப்போகும் வாசகர்களுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான். குளியலறை ஓட்டின் நிறத்தைப் பிறகும் பார்க்கலாம். அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், கட்டடத்தின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறதென்று பாருங்கள். கூரையும் மதிலும் கொதிகலனும் உங்கள் அறைக்குள் இல்லாவிட்டாலும் உங்கள் பங்குக்கு ஏற்ப உங்களுடையவை. ஆற்றோரம் வாங்குகிறவர்கள் வெள்ளக் காப்புறுதியையும் விசாரிக்க வேண்டும். 2021 யூலையில் வுப்பர் ஆறு பெருகி வீடுகளுக்குள் வந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

பிறகு கணக்கு. இந்த மாநிலத்தில் வீடோ காணியோ வாங்கினால் கொள்வனவு வரி 6.5 சதவீதம். விலை 3 இலட்சம் யூரோ என்று வையுங்கள்: வரி மட்டும் 19,500. நொத்தாரிசு, பதிவுச் செலவு ஏறத்தாழ 6,000. தரகர் இருந்தால் வாங்குபவர் பங்கு வழக்கமாக 3.57 சதவீதம், அது 10,710. ஆக 36,000 யூரோவுக்கு மேல் போய்விடுகிறது. அந்தக் காசுக்கு ஒரு செங்கல்கூட நம்முடையதாகாது. இதற்கு வங்கி இலகுவில் கடன் தராது, கையில் இருக்க வேண்டும். நம்மவர் வீடுகளில் இந்த இடத்தில்தான் சீட்டுக் காசு வெளியே வரும், தாலிக்கொடி அடகுக்குப் போகும், கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசி போகும்.

வட்டி இன்னொரு கதை. 2021இல் பத்து வருடத்துக்கு ஒரு சதவீதமளவில் கடன் கிடைத்தது. 2022 முடியும்போது நான்கை நெருங்கிவிட்டது. 2 இலட்சத்து 40 ஆயிரம் கடனுக்கு மாதவட்டி மட்டும் 200 யூரோ இருந்த இடத்தில் 800. அதே வீடு, அதே படிக்கட்டு, அதே வெடித்த மதில். ஒரு வருடம் யோசித்தவர்கள் கெட்டுப்போனார்கள் என்று இதைக் காட்டி அவசரப்படுத்தும் தரகர்களும் உண்டு. அவர்களிடம் கொஞ்சம் காது கேளாதவர்போல் இருப்பது நல்லது.

வீடு வாங்காதே என்று எழுதிய ஒரு மனிதர் இதே ஊர்க்காரர்தான் என்பது வேடிக்கை. பிரெடரிக் ஏங்கெல்ஸ் 1820இல் பார்மனில் ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்தவர். தொழிலாளிக்குச் சொந்த வீடு கிடைத்தால் துன்பம் தீரும் என்று அந்தக் காலத்தில் சிலர் சொன்னபோது, 1872இல் ‘குடியிருப்புப் பிரச்சினை’ பற்றி மறுத்து எழுதினார். வேலை கிடைக்கும் இடத்துக்கு எழும்பிப் போகக்கூடிய சுதந்திரம்தான் தொழிலாளியின் பலம். வீட்டையும் கடனையும் காலில் கட்டிவிட்டால் அவன் அந்த ஊர் முதலாளி கொடுக்கும் கூலிக்கே கிடக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2014இல் சீனா அன்பளிப்பாகக் கொடுத்த அவருடைய பெரிய சிலை பார்மனில் நிற்கிறது. அவர் சொன்னதில் பாதியாவது சரி என்று நினைக்கிறேன். முப்பது வருடக் கடனோடு இருப்பவர் மேலாளரிடம் குரல் உயர்த்துவது அரிது.

என் நண்பருக்கு ஏங்கெல்ஸ் தெரியாது. ஆனால் அவரும் வீடு வாங்காதவர். எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, அகதிக் காம்பில் இருந்து, பிறகு ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை எடுத்தவர். அன்று தொடங்கி இன்றுவரை ஒரே வாடகை வீடு. கேட்டால், “டொச்சுக்காரனே வாடகைக்குத்தான் இருக்கிறான், எனக்கென்ன?” என்பார். அதுவும் பொய்யில்லை. இந்த நாட்டில் சொந்த வீட்டில் வாழ்பவர்கள் பாதிக்கும் குறைவு; ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைந்த நாடு இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு உதவியோடு பெருந்தொகையாக வாடகைக் குடியிருப்புகளைக் கட்டினார்கள், வாடகைக்காரரை நினைத்தபடி எழுப்ப முடியாத சட்டம் இருக்கிறது. எனவே வாடகையில் இருப்பது இங்கே குறைவான காரியமல்ல.

அது அவர் வெளியே சொல்லும் காரணம். அலுமாரிக்கு மேலே ஒரு பழைய சூட்கேஸ் இருக்கிறது. அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்த வீட்டை 1990இல் அவருடைய தாய் தகப்பன் விட்டு ஓடியபோது கையில் எடுத்துக்கொண்டு ஓடிய உறுதி அது. வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பிறகு காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டபோது அவர் போய்ப் பார்த்தார். அத்திவாரமும் பற்றையும் கிடந்தன. ஒவ்வொரு வருடமும் “அடுத்த வருசம் பாப்பம்” என்று சொல்லியே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வாடகை கட்டியிருக்கிறார். இங்கே வீடு வாங்கினால், அடுத்த வருடம் என்ற அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. மகள் எதற்குப் பயந்தாள் என்பது அந்தச் சூட்கேஸ் நினைவுக்கு வந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

கடைசியில் அவரிடம் நான்தான் வீட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “ஆற்றை பேரிலை எழுதினம்?” என்று கேட்டார்.

மகள், மருமகன் இரண்டு பேர் பெயரிலும் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு, அவளுடைய சீதனம். ஒல்லாந்தர் 1707இல் எழுதித் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் வாடை அவரிடம் இன்னும் போகவில்லை. வங்கியோ கடனில் மருமகனும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றது. கடனில் இருப்பவர் காணிப் பதிவேட்டில் இல்லாமல் இருப்பதற்கு அந்தப் பெடியனுக்கு மட்டும் என்ன விசரா? ஒரு கிழமை வாய்த்தர்க்கத்துக்குப் பிறகு ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. “நான் என்ன சொல்லுறது, உங்கடை காலம்” என்று எழும்பிப் போனார். அது சம்மதம் என்று அவருடைய மனைவி மொழிபெயர்த்தார்.

இங்கே வீடு வாங்கும் ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும். விற்பவர் அதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் வரைவை இரண்டு கிழமை முன்பே கையில் தர வேண்டும். டொச் போதாதவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறினேன் என்று திரும்ப முடியாது. அந்த நாளில் நொத்தாரிசு முழு ஒப்பந்தத்தையும் சத்தமாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்க வேண்டும் என்பது சட்டம். தேவாரம் ஓதுவதுபோல் ஒரே மூச்சில் அவர் வாசித்துக்கொண்டு போனார். பார்வையாளராக வந்திருந்த நண்பர், பதிவேட்டின் தாள் இலக்கம் வந்த இடத்தில் என் பக்கம் சாய்ந்து, “தோம்பு இலக்கம் மாதிரி” என்றார். காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு போர்த்துக்கேயரிடமிருந்தும், நொத்தாரிசு ஒல்லாந்தரிடமிருந்தும் நமக்குள் ஊறிய சொற்கள். காணி விற்பனையில் நகரசபைக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறது, மாடி வீட்டுக்கு அது இல்லை என்ற பகுதிக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பங்காளிக்கு முதலில் விலை சொல்லாமல் காணி விற்கக்கூடாது என்பது அவருடைய ஊர்ச் சட்டம். அதற்குப் பிறகு அவர் முகத்தில் இந்த நாட்டுக்காரரைப் பற்றி ஒரு மதிப்பு தெரிந்தது.

மகளின் கை கையெழுத்து வைக்கும்போது நடுங்கியது. மருமகன் பேனையை இரண்டு தரம் தவறவிட்டான்.

பால் காய்ச்சியது ஆவணியில். ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. கண்ணாடி அடுப்பில் ஒரு புதுப் பானை. பால் பெட்டியில் ‘துஃபி’ என்று எழுதியிருந்தது. 1950 யூலை 21இல் விளம்பரத்துக்காகத் தொங்கு ரயிலில் ஏற்றிய சர்க்கஸ் யானைக்குட்டி, மிரண்டு பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது. சிறு கீறலோடு தப்பியது. அதன் பெயரைத்தான் இந்த ஊர்ப் பாலுக்கு வைத்தார்கள். “பிள்ளையாரே பெட்டியிலை வந்திருக்கிறார், பிறகென்ன ஐயர்?” என்றார் நண்பரின் மனைவி. பால் பொங்கி வழிந்து கண்ணாடியில் கருகியது. சாம்பிராணிப் புகையும் சேர, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி கட்டடமே எழும்பும்படி கத்தியது. மருமகன் கதிரையில் ஏறி அதை அமுக்க, நான் ஜன்னலைத் திறக்க, வாசல் மணி அடித்தது.

கீழ் மாடியில் இருக்கும் மூதாட்டி. முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் உறைந்துபோய் நின்றோம். அவர் கையில் துணியால் மூடிய ஒரு கூடை இருந்தது. உள்ளே ஒரு கறுப்புப் பாண், ஒரு சிறு சாடி உப்பு. புது வீட்டுக்கு வருபவர்களுக்குப் பாணும் உப்பும் கொடுப்பது இங்கத்தைய வழக்கம்.

நண்பரின் மனைவி உப்புச் சாடியை இரண்டு கையாலும் வாங்கினார். காலையில் முதலில் உள்ளே கொண்டுவந்து சாமிப்படத்தின் முன் வைத்த உப்புக்கும் மஞ்சளுக்கும் பக்கத்தில் அதையும் வைத்துவிட்டு, அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். நண்பர் சமையலறைக்குள் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணை தேடுறியள்?” என்றேன்.

“கத்தி. பாண் வெட்ட வேணுமெல்லே. சம்பல் இருக்குதா எண்டு கேள்.”

அன்புடன்,
ஆசிரியர்