ஒற்றுரையும் ஆள்வோர் செவியும்

இடுக்கி மலைகளில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என ஆள் ஏறும் வழிகள் பல உண்டு. பெரும்படை நடக்கும் வழி பாலக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் அந்த இடைவெளியில், 1766இல் ஐதர் அலி எழுப்பிய கோட்டை இன்றும் அகழியோடு நிற்கிறது. சுற்றுலா வருவோர் அதன் மதிலைப் பார்த்துச் செல்கின்றனர். அம்மதில் எழுந்த கதையையும், அதைக் கட்டியவனைப் பற்றிச் சென்னைக்கு வந்த எச்சரிக்கைகள் என்னவாயின என்பதையும் நினைவூட்ட வேண்டிய கடமை இம்மண்ணின் தமிழ் ஏட்டுக்கு உண்டு.

1757இல் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் நெருக்குதலைத் தாங்காத பாலக்காட்டு மன்னர் அச்சன், அப்போது திண்டுக்கல்லில் பௌஜுதாராக (படைத்தலைவராக) இருந்த ஐதரிடம் உதவி கேட்டார். கணவாய் வழியே மைசூர்ப் படை வந்தது. சாமூதிரி பன்னிரண்டு இலட்சம் ரூபாய் தருவதாக உடன்பட்டுப் போரை நிறுத்திக்கொண்டார். ஆனால் பணத்தைத் தரவில்லை. கடன் நிலுவையில் நிற்க, பணம் பெற வேண்டியவன் ஆண்டுக்கு ஆண்டு வலிமை பெற்று மைசூருக்கே அதிபதியானான். இதைக் காட்டிலும் தெளிவான எச்சரிக்கையை எந்த ஒற்றன் கொண்டுவர முடியும்? 1766இல் ஐதர் மலபாருக்குள் புகுந்தபோது, சாமூதிரி கோழிக்கோட்டு அரண்மனைக்குத் தீ வைத்து அதிலேயே மாண்டார். ஒன்பது ஆண்டுக் கால அவகாசம் அவ்வாறு முடிந்தது.

சாமூதிரிக்கு வலிமை போதவில்லை என்று சொல்லலாம். 1780இல் சென்னைக் கோட்டையில் வீற்றிருந்த ஆங்கிலக் கும்பினியாருக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. மராட்டியர் படையெடுத்தால் துணை நிற்பதாக 1769இல் ஐதருக்கு எழுதிக் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றவில்லை. 1779 மார்ச்சில் அவரது எச்சரிக்கையை மீறி, அவர் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயைப் பிடித்தனர். குண்டூரைத் தம் வசப்படுத்தி நிஜாமையும் பகைத்துக்கொண்டனர். பிறகு ஐதரின் மனநிலையை அறிய அவர்கள் தேர்ந்த தூதர் யார் தெரியுமா? தஞ்சை, திருச்சி மக்கள் நன்கறிந்த பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர். மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி அரசனோடு நேரே உரையாட வல்லவர், எவரும் நம்பத்தக்கவர் என்பதே காரணம். அவர் 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று, ஐதரோடு பேசி, கும்பினியார் மீறிய வாக்குகளை எண்ணிக் காட்டும் கடிதத்தோடு மீண்டார். வழிச்செலவுக்கு ஐதர் அளித்த பணத்தைக் கூடத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கும்பினி அரசிடமே ஒப்படைத்தவர் அவர். பணக் கதை நம் பொருளுக்குச் சற்றே புறம்பானது. ஆனால் சொன்னவரின் நேர்மையில் ஐயம் இருந்ததால் சொல்லைப் புறக்கணித்தோம் என்று சென்னை சொல்ல முடியாது என்பதற்காக அதைக் குறிப்பிடுகிறோம்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஜார்ஜ் கிரே என்ற அதிகாரி தூது சென்று அவமதிப்போடு திரும்பினார். ஆற்காட்டு நவாப் முகமது அலியும் எச்சரித்தார். இத்தனைக்கும் பிறகு ஆளுநர் தாமஸ் ரம்போல்ட், தென்னாட்டில் அமைதி நீடிக்கும் என்ற நம்பிக்கையைப் பதிவுசெய்துவிட்டு 1780 ஏப்ரலில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் இடத்துக்கு வந்த ஜான் வைட்ஹில்லும் படைகளை ஒன்று திரட்டவில்லை. திரட்டினால் செலவு, கருவூலமோ வறண்டிருந்தது. அதற்கும் மேலாக, படை திரட்டுவது என்றால் மாஹேயும் குண்டூரும் பிழை என்று ஒப்புவது. ஒப்ப மனம் இல்லாதவர்களுக்கு ஐதர் வரமாட்டார் என்று நம்புவதே எளிதாயிற்று.

ஜூலையில் ஐதர் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரோடு செங்கம் கணவாய் வழியே இறங்கினார். பரங்கிப்பேட்டையும் காஞ்சிபுரமும் சூறையாடப்பட்டன. குதிரைப்படை பரங்கிமலை வரை வந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில கல் தொலைவில் இருந்த எக்டர் மன்ரோ, கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். தொடர்ந்த பஞ்சத்தில் மாண்ட உழவர் எந்த ஆலோசனைக் குழுவிலும் அமர்ந்தவர் அல்லர்.

ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராயும்படி வள்ளுவர் சொல்கிறார். இரண்டு சொற்களும் முரண்பட்டால், அரசன் தன் விருப்பத்துக்கு இசைந்ததையே தேர்ந்துகொள்வான் என்ற இடர் அதன் பின்னும் எஞ்சுகிறது. 1962இன் சீனப் போர் அதற்குச் சான்று.

1961 நவம்பர் 2ஆம் நாள் தில்லியில் பிரதமர் நேரு தலைமையில் கூடிய கூட்டம், எல்லையில் இயன்றவரை முன்னே சென்று காவற்சாவடிகள் அமைக்க முடிவெடுத்தது. சாவடி அமைத்தால் சீனர் வலிமையைப் பயன்படுத்தமாட்டார்கள் என்று உளவுத்துறை இயக்குநர் மல்லிக் கணித்திருந்தார். வலிமையோடு எதிர்ப்பர் என்று இராணுவப் புலனாய்வுப் பிரிவு அதற்கு முன்பே மதிப்பிட்டிருந்தது. இரண்டும் அரசின் கோப்புகளில் இருந்தவைதாம். முன்னது ஏற்கப்பட்டது. முன்னணிச் சாவடிகளுக்குப் பின்னே பெரும்படை நிறுத்தப்பட வேண்டும் என்று அக்கூட்டம் சொன்ன நிபந்தனை, தலைமையகத்திலிருந்து படைப்பிரிவுகளுக்குச் சென்ற ஆணையில் காணாமற்போனது.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. கிழக்குப் பிராந்தியத் தளபதி தோராட் 1959 அக்டோபரிலேயே சீனத் தாக்குதல் எவ்வாறு வரும் என்று எழுதினார். 1960இல் 'லால் கிலா' என்ற போர்ப்பயிற்சி நடத்தியும் காட்டினார். மேற்குப் பிராந்தியத் தளபதி தௌலத் சிங், படைவலிமை இல்லாத கொள்கையைக் கைவிடுமாறு 1962 ஆகஸ்டில் எழுதினார். பாதுகாப்பு அமைச்சர் கோழிக்கோட்டைச் சேர்ந்த வி.கே. கிருஷ்ண மேனன். அறிவாற்றலில் அவருக்கு நிகரானோர் அந்த அமைச்சரவையில் சிலரே. பாகிஸ்தானே பகை, சீனம் அன்று என்பது அவர் கொள்கை. கூர்மதி படைத்தவர் தாம் கொண்ட முடிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பதிலும் கூர்மையானவராக இருப்பார்; அதனால் அவரை அசைப்பது கடினம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் தில்லியில் நடந்த கூட்டத்தை நுணுகிப் பார்க்க வேண்டும். பிரதமரும் பாதுகாப்பு அமைச்சரும் வெளிநாட்டில் இருந்தனர். கிழக்கு எல்லையின் தாக்லா முகட்டிலிருந்து சீனரை வெளியேற்றினால் அவர்கள் லடாக்கில் திருப்பித் தாக்கக்கூடும் என்றார் தலைமைத் தளபதி தாப்பர். பெரிதாக எதுவும் நேராது, ஓரிரண்டு சாவடிகளைக் கைப்பற்றக்கூடும் என்று வெளியுறவுச் செயலர் மதிப்பிட்டார். தாப்பர் எழுத்தில் ஆணை கேட்டார்; இணைச் செயலர் ஒருவர் கையொப்பமிட்ட தாள் வந்தது. அந்நேரத்தில் எழுத்தாணை கேட்டவர் பதவி விலகலையும் கூடவே நீட்டியிருக்க வேண்டும் என்பது எம் கருத்து. ஆணையை எதிர்த்த தளபதி உம்ராவ் சிங்கிடமிருந்து அப்பகுதியின் பொறுப்பு எடுக்கப்பட்டு, தலைமைக்கு நெருக்கமான தளபதி கௌல் கைக்கு மாறியது. மேலிடத்துக்கு எச்சொல் இனிக்கும் என்பது கீழிருப்போருக்கு அன்றே தெரிந்துவிட்டது. அதன் பிறகு மேலே சென்ற குறிப்புகள் எதைச் சொல்லியிருக்கும்? அக்டோபர் 20ஆம் நாள் விடியலில் நம்கா சூ ஓடைக்கரையில் 7ஆம் பிரிகேடு சிதைந்தது.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய விமானப்படைத் தலைமையகத்திலிருந்தே வந்த ஒற்றுரையை 1941 ஜூனில் ஸ்டாலின் இழிசொல் எழுதித் திருப்பினார். சில நாள்களில் படையெடுப்பு வந்தது. 1973 செப்டம்பர் 25ஆம் நாள் யோர்தான் மன்னர் உசேன் நேரிலேயே வந்து எச்சரித்தும், இஸ்ரேலின் உளவுத்துறை போர் வராது என்று தான் வகுத்த கருதுகோளை விட்டு அசையவில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1971 டிசம்பர் 1ஆம் நாள் பாகிஸ்தான் விமானத் தாக்குதல் வரும் என்ற செய்தியை வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் கே. சங்கரன் நாயர் கொண்டுவந்தார். இந்திய விமானப்படை விழித்துக் காத்திருந்தது. இரண்டு நாள்கள் ஒன்றும் நேராததால் காவலைத் தளர்த்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது, இன்னும் ஒரு நாள் பொறுக்கும்படி தாம் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். 3ஆம் நாள் மாலை தாக்குதல் வந்தது. நாள் தவறிய ஒற்றனைப் பொய்யனென்று தள்ளாத அரசு அன்று இருந்தது. அந்தப் போருக்கு எத்தனை படை தேவை, எப்போது தேவை என்று தளபதிகள் சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததும் அதே அரசுதான்.

1999இல் மீண்டும் தவறினோம். கார்கில் எல்லைக்கு அப்பால் நடந்த ஆயத்தங்கள் பற்றி உளவுத்துறை 1998 ஜூனிலேயே குறிப்பு அனுப்பியிருந்தது. ஆனால் பிற துறைகளின் தகவல்களோடு சேர்த்து ஆராய வேண்டிய 'ரா'வுக்கும் கூட்டு உளவுக் குழுவுக்கும் அது அனுப்பப்படவில்லை. இதை நாம் அறிவது எப்படி? திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு விசாரித்து எழுதியதையும், சில பகுதிகள் நீக்கப்பட்டு அந்த அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதையும் கொண்டுதான். அறிக்கை வெளியானதால் நாட்டின் காவல் குலைந்துவிடவில்லை.

1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையோ 1963இலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஒரு பகுதியை 2014இல் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இணையத்தில் வெளியிட்டபோது உலகமே படித்தது. இந்திய அரசு மட்டும் அது இரகசியம் என்றே இன்னமும் சொல்கிறது. இன்றைய நடவடிக்கைகளுக்கும் பொருந்தும் செய்திகள் அதில் உள்ளன என்று 2010இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர், கேரளத்தவரான ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கூறினார். பின்வந்த அரசும், முன்பு எதிர்க்கட்சியாய் இருந்தபோது கேட்டதை மறந்து, அதே விடையைப் பிடித்துக்கொண்டது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய படைநிலைகள் இன்றும் மாறவில்லை என்றால் அதுவே பெருங்குற்றம். மாறியிருந்தால் மறைக்கக் காரணமில்லை. நம்கா சூவில் சிறைப்பட்ட பிரிகேடியர் தால்வி, தாம் கண்டதை 1969இலேயே நூலாக வெளியிட்டுவிட்டார். அரசு தன் அறிக்கையை முழுமையாக, அடுத்த நாடாளுமன்றக் கூட்டத் தொடரிலேயே அவையின் முன் வைக்க வேண்டும்.